ஊசி போட்ட கையோடு பன்றிக்கறி

அன்பு மகள் யெசேனியாவுக்கு, பிரவுன்ஸ்வில்லிலிருந்து அப்பா எவரார்தோ ஆசிகளுடன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் கடவுள் புண்ணியத்தில் சுகம். ஹூஸ்டனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். மரியாதை இதோடு முடிந்தது. இனி சண்டை.

காய்ச்சல் தடுப்பூசி நான் போட்டுக்கொள்ள மாட்டேன். போனில் நீ எத்தனை தரம் அழுதாலும் மாட்டேன். போன குளிர்காலத்தில் உன் அம்மா நிமோனியாவில் மூச்சுக்குத் தவித்ததை நீ எனக்கு நினைவூட்ட வேண்டாம். பக்கத்திலேயே கிடந்தவன் நான். அதனால்தான் அவளைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அவளோ, "நீங்க போட்டாத்தான் நானும். தினம் டோமினோ ஆட்ட மேசையில ஊரு இருமலையெல்லாம் வாங்கிட்டு வர்றது யாரு?" என்கிறாள். நீ என்னைப் போய்ப் பிடிவாதக்காரன் என்கிறாய்!

முதலில் சுகாதாரத் துறைக்காரர்கள் டை கட்டிய ஒரு டாக்டரை அனுப்பினார்கள், நாங்கள் டோமினோவிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை, அவர் நோட்டீஸை வைத்துவிட்டுப் போனார், என் ஆட்டக் கூட்டாளி பான்ஃபிலோ அதை மடித்து ஆடுகிற மேசைக்காலுக்கு முட்டுக்கொடுத்தான், தொல்லை விட்டது என்று இருந்தால், இந்த மாதம் சுகாதாரத் தொண்டர் என்று பச்சைச் சட்டையை மாட்டி உன் ஞானத்தாய் செனைதாவையே அனுப்பிவிட்டார்கள்! இது நியாயமா? டாக்டரை விரட்டலாம். ஞானஸ்நானத்தன்று உன்னைக் கையில் ஏந்தியவளை எந்த முகத்தோடு விரட்டுவது? நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அவள் திட்டுவதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் எங்களிடம் பதில் இருந்தது. ஊசி போட்டால் பன்றிக்கறி தின்னக் கூடாது, தின்றால் போட்ட இடம் புண்ணாகிவிடும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். ஞாயிறு பூசை முடிந்தால் எங்களுக்குப் பன்றிக்கறி வறுவல். ஆகவே ஊசி கிடையாது.

போன ஞாயிறு கோயில் மண்டபத்தில் ஊசி முகாம் தொடங்கியபோது அவள் என்ன செய்தாள் தெரியுமா? எங்கள் கண்ணெதிரில் ஊசியைப் போட்டுக்கொண்டு, நேரே எங்கள் மேசைக்கு வந்து, பான்ஃபிலோ தட்டிலிருந்த கறியைச் சோள ரொட்டியில் சுருட்டித் தின்றாள். நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். "என்ன அப்படிப் பாக்குறீங்க? பொத்துன்னு விழுவேன்னா? இன்னொன்னு சுருட்டு பான்ஃபிலோ, காரத்தைத் தாராளமா ஊத்து!" விழவில்லை. பான்ஃபிலோதான் வெட்கப்பட்டு எழுந்துபோய்ச் சட்டைக் கையை மடித்தான். துரோகி! அவன் பின்னாலேயே மேசை காலி.

நான் அசையவில்லை. "ஏண்ணே, உங்களுக்குப் பயம் கறியிலயா, ஊசியிலயா?" என்று மண்டபமே கேட்கும்படி கேட்டாள். "பயமாவது மண்ணாவது! இஷ்டமில்ல, அவ்வளவுதான்!" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போப்பாண்டவரே வந்தாலும் இதுதான் பதில்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். குவாதலூப்பே மாதா உங்களைக் காக்கட்டும். உன் வாயையும் கொஞ்சம் அடக்கட்டும்.

சற்றும் அசையாத,
அப்பா

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போகும் வழியில் மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். உன் அம்மா எனக்குச் சொல்லாமல் வந்து, வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். "நீங்க வரமாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இன்னொரு தடவை அந்த மூச்சுமுட்டல் என்னால முடியாதுங்க. பயமா இருக்கு" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து பயம் என்று கேட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன், எனக்கே முதலில் போடச் சொன்னேன். நான் கண்ணை மூடிக்கொண்டேன் என்று செனைதா சொன்னால் நம்பாதே. நாளை அடுத்த தெரு ரொகேலியோ வீட்டுக்குப் போகிறேன். ஊசி வேண்டாமென்று அடம்பிடிக்கிறானாம், மடையன். அவனுக்கும் ஒரு பெண்டாட்டி இருக்கிறாள்.