ஒச்சம் அண்ணாச்சி விற்ற லேப்டாப்

தன் சரக்கைத் தானே திட்டி விற்கிற வியாபாரி ஈரேழு பதினாலு உலகத்திலும் ஒருவர்தான் உண்டு. அவர் ராஜபாளையத்தில் இருக்கிறார். ராணுவத்தில் ரேடியோ பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய லேப்டாப்புகளைப் பிரித்து மாட்டுவதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அவருக்குப் பெயர் ஒச்சம் அண்ணாச்சி. எங்கள் பக்கம் ஒச்சம் என்றால் குறை.

குழுவில் மற்றவர்கள் எதையாவது விற்க வந்தால், "புதுசு மாதிரி இருக்கும், ஒரு கீறல் கிடையாது" என்பார்கள். அண்ணாச்சி போட்ட விளம்பரம் இது: "மூடியில் கீறல். பேட்டரி அரைமணி நேரம் தாங்கினால் உங்கள் அதிர்ஷ்டம். ஃபேன் மாவு மில் மாதிரி கத்தும். வெயில் காலத்தில் மடியில் வைத்தால் தொடை வெந்துவிடும். யோசித்து வாங்கவும்." கூடவே ஒவ்வொரு கீறலுக்கும் சிவப்பு வட்டம் போட்டு ஒரு கத்தைப் படங்கள்.

எனக்கோ அது வேண்டும். என் லேப்டாப் உயிரை விட்டிருந்தது. இந்தக் காலத்துத் தட்டைக் கீபோர்டில் தட்டினால் எனக்குக் கட்டுரை ஓடாது. அண்ணாச்சியுடையது, அமுக்கினால் ஆழமாக இறங்குகிற பழைய கீபோர்டு.

பஸ் ஏறிப் போனேன். எனக்கு முன்னால் வன்னியம்பட்டிக்காரர் ஒருவர் வந்திருந்தார். "சூப்பரா இருக்கு அண்ணாச்சி, எடுத்துக்கிடுதேன்" என்றார்.

"எம்புட்டு ஒச்சம் எழுதியிருக்கேன், சூப்பரா இருக்குங்கே. கண்ணு தெரியாதவனுக்குக் குடுக்க மாட்டேன்லே, கெளம்பு."

என் பக்கம் திரும்பினார். "நீங்க எந்த ஊரு?"

"ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகம்."

"பால்கோவா திங்கிற கையி. கீபோர்டு ஒட்டிக்கிடும்."

நான் லேப்டாப்பை மேசையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஆடியது. கவிழ்த்தால், அடியில் ஒரு ரப்பர் காலைக் காணோம்.

"அண்ணாச்சி, இத நீங்க எழுதலையே."

வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, ஒங்களுக்குத் தாரேன். ஆனா வாரா வாரம் வந்து பாப்பேன். சரியா வச்சிக்கிடலன்னா தூக்கிட்டு வந்துருவேன். எங்க ஊர்ல நாய்க்குட்டியக்கூட அப்படித்தான் குடுப்போம்."

பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை டார்ச்சும் பிரஷ்ஷுமாக வாசலில் நிற்கிறார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் ராணுவச் சோதனைதான். ஃபேன் இடுக்கில் டார்ச் அடித்து, "இது என்ன, முறுக்குத் தூளா?" என்பார். ஒரு வாரம் மூடியின் மேல் காபி டம்ளர் இருந்ததைப் பார்த்துவிட்டு, லேப்டாப்பைத் தூக்கித் தன் பைக்குள் போட்டுவிட்டார்.

"நான்தான் வச்சேன் அண்ணாச்சி, அவியள ஒண்ணும் சொல்லாதிய" என்று என் மனைவி கெஞ்சி, இட்லி வைத்து அதை மீட்டாள். இட்லியில் உப்பு கம்மி என்று ஒச்சம் சொல்லிக்கொண்டே ஆறு தின்றார்.

அந்தப் பயத்தில் லேப்டாப்பைப் பச்சைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். அதுவே வினையாகப் போயிற்று. ஒரு ஞாயிறு அண்ணாச்சி மேலும் கீழும் புரட்டிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. "நல்லா வச்சிருக்கிய. இனி எனக்கு இங்க சோலியில்ல" என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனவர்தான்.

முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் வீடு என்னவோ போல் இருந்தது. "அண்ணாச்சிக்கு ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா? ஒரு வார்த்தை கேளுங்க" என்றாள் மனைவி. போன் போட்டு, சும்மா வந்துவிட்டுப் போகச் சொன்னேன்.

"சோலியில்லாம ஒருத்தர் வீட்டுக்கு வாரது நல்லாவா இருக்கும் தம்பி?" என்று வைத்துவிட்டார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். மூடியின் கீலில் ஒரு ஸ்க்ரூவை நானே தளர்த்தி, "மூடி ஆடுது" என்று குழுவில் படம் போட்டேன். பார்த்த மறுநிமிடம் பதில் வந்தது: "வாரேன். தொடாதிய."

இந்தத் தடவை தூக்கிக்கொண்டு போனாலும் போய்விடுவார். போகட்டும். மனுசர் வீட்டுக்கு வந்து நாலு வார்த்தை திட்டினால் போதும்.