மூன்றாம் நம்பர் செட்டைப் பூட்டிய கதை

முந்தின நாள்தான் ஒருவர் வீட்டு மீன்கறியைத் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, மறுநாள் அவருடைய குரலைக் கேட்டு, "நீங்கள் யார் என்று நிரூபியுங்கள்" என்று அதட்டிய பிறவி உலகத்தில் ஒன்று உண்டென்றால் அது நான்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அதைச் சாக்காகச் சொல்ல வரவில்லை.

எண்பதுகளின் நடுவில், கோலா சிலாங்கூருக்கு அப்பால், கடலோரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் சின்னக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தேன். (பெரிய கிராணி கையெழுத்துப் போடுவார். சின்னக் கிராணி பேனாவுக்கு மை ஊற்றுவான்.) ஆறு மாதத் தற்காலிக வேலை. அது முடிய ஒரு வாரம் இருந்தது. நிரந்தரமாக்கும் கடிதம் துரையின் மேசையில் கிடந்தது. அதை நம்பி அம்மா எனக்குப் பெண் பார்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்துக்கு வயர்லெஸ் வந்தது. ஆபீஸில் பெரிய செட் ஒன்று. மண்டோர்கள் என்கிற கங்காணிகளுக்கும் டிராக்டருக்கும் கடல்நீரைத் தடுக்கும் கரையோரத் தண்ணீர்க் கதவுக்கும் கையில் பிடிக்கும் சின்னச் செட்டுகள். கம்பி கிடையாது, ஒன்றும் கிடையாது. இரண்டு மைலுக்கு அப்பால் ஓர் ஆள் தும்மினால் என் மேசையில் கேட்டது! முதல் நாள் செட்டை அணைத்த பிறகும் அதன் எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காற்று முழுக்க மனிதர்கள் பேசிக்கொண்டே போகிறார்கள், நமக்குத்தான் இத்தனை நாளாகக் காது இல்லை என்று நினைக்க நினைக்க உடம்பு சிலிர்த்தது. இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கிறது.

சிலிர்ப்பு அடங்குவதற்குள் எவனோ ஒருவன் எங்கள் அலைவரிசையில் புகுந்துவிட்டான். மண்டோர் மாதிரியே செருமி, "லோரிய எட்டாம் நம்பர் காட்டுக்கு அனுப்பு" என்றான். அனுப்பினோம். லோரி வெறுமனே திரும்பியது. அதற்குள் ஐந்தாம் நம்பர் காட்டில் வெட்டிக் குவித்திருந்த பழக்குலைகள் மாயமாகிவிட்டன.

துரை என்னைக் கூப்பிட்டு, பேசுகிறவன் நம் ஆள்தானா என்று தெரிந்துகொள்ள ஏதாவது வழி செய் என்றார். என் வாழ்க்கையில் முதன்முறையாக அதிகாரம் கைக்கு வந்தது. விடுவேனா? ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு சான்றுச் சீட்டு எழுதினேன். செட் நம்பர், அது இருக்கும் இடம், சீட்டு காலாவதியாகும் தேதி, அடியில் தோட்டத்துச் சாப்பு, அதாவது முத்திரை. (சாப்பு குத்துகிற சத்தத்துக்காகவே சிலவற்றில் இரண்டு முறை குத்தினேன்.) தினமும் காலையில் ஒட்டிய கவரில் அன்றைய பதில் சொல்லை எல்லாருக்கும் அனுப்புவேன். பேச வேண்டிய நேரத்தில்தான் கவரைப் பிரிக்க வேண்டும். நான் ஒரு சொல் கேட்பேன், அவர்கள் கவரில் உள்ளதைச் சொல்ல வேண்டும். மூன்று முறை தவறினால் அந்தச் செட்டோடு யாரும் பேசக்கூடாது.

அன்று நான் கேட்க வேண்டிய சொல் 'மயில்'. கவருக்குள் இருந்த பதில் 'முருகன்'. (எந்தத் திருடனாலும் கண்டுபிடிக்க முடியாத ரகசியம் என்று உண்மையாகவே நம்பினேன்.)

பத்து மணிக்கு மேல் மூன்றாம் நம்பர் செட் அலறியது. தண்ணீர்க் கதவைப் பார்த்துக்கொள்ளும் பாக்கியம் அக்கா. மீன்கறி அக்கா.

"தம்பி, ஆயர் பாசாங், கடலு ஏறிக்கிட்டு வருது. கதவுக்குப் பக்கத்துல கரை ஒடையுது. ஆளுங்கள அனுப்பு லா! உப்புத் தண்ணி கன்னுங்க பக்கம் போவுது!"

கரைக்கு இந்தப் பக்கம்தான் செம்பனை நாற்றுப்பண்ணை. உப்புத் தண்ணீர் பட்டால் கன்றுகள் கருகிவிடும். எனக்கும் தெரியும். இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "மயில்" என்றேன்.

கவர் கிழிகிற சத்தம் கேட்டது.

"மயில்!"

"அதான் தம்பி... மயிலு மேல வர்றவரு."

"தப்பு. கவரில் உள்ளதை மட்டும் சொல்லுங்க."

"பத்துமலையில குடியிருக்காரே, வள்ளிக்கு மாலை போட்டவரு..."

"தப்பு. இன்னும் ஒரு தடவைதான் இருக்கு."

"ஐயோ, எங்கூட்டுக்காரரு தம்பி! எங்கூட்டுக்காரரு!"

"தப்பு" என்றேன். குரல் அக்காவுடையதுதான். அந்தப் பதற்றமும் உண்மைதான். ஆனால் விதி இருக்கிறதே! எல்லாச் செட்டுக்கும் அறிவித்தேன்: "மூன்றாம் நம்பர் செட் பூட்டப்பட்டது. யாரும் பதில் சொல்லக்கூடாது." சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். நிரந்தரக் கடிதத்தில் என் பெயர் எவ்வளவு அழகாக இருக்கும் என்றுகூட யோசித்தேன்.

கொஞ்ச நேரத்தில், டிராக்டர் இரைச்சலோடு ஐந்தாம் நம்பர் செட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. ஓட்டுபவரை எல்லாரும் 'டிராக்டர் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். பாக்கியம் அக்காவின் கணவர்.

"சின்னக் கிராணி, மயிலுக்குப் பதிலு முருகன். அது என் பேரு. அவ எப்படிய்யா சொல்லுவா? நான் ஆளுங்களயும் மண்ணு மூட்டையும் ஏத்திக்கிட்டுக் கரைக்குப் போறேன். நீங்க கவர பத்திரமா பாத்துக்குங்க."

மேசை மேலிருந்த சீட்டுகளின் நகலைப் புரட்டினேன். நம்பர் இருந்தது, இடம் இருந்தது, தேதி இருந்தது, சாப்பு இரண்டு இருந்தது. ஆளின் பெயரை எழுத மட்டும் நான் இடமே விடவில்லை.

கரையை அடைத்தார்கள். ஆனாலும் பாதி நாற்றுப்பண்ணை உப்புத் தண்ணீரில் நின்றது. துரை வந்தார். முழங்கால் வரை சேற்றோடு நின்ற பாக்கியம் அக்காவிடம், ஒரே ஒரு வார்த்தைதானே, சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். நான் அதற்குள் அந்த உப்புத் தண்ணீரிலேயே முங்கிவிடலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா தலையைக் குனியவில்லை. "கன்னு செத்தா வேற கன்னு நடலாம் தொரை. பேரச் சொல்லி அவரு ஆயுசு கொறைஞ்சா, அத நான் எங்க போயி வாங்குறது?"

துரை தொப்பியைக் கழற்றினார். டிராக்டர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத கோளாறை என்ஜினில் தேடினார். கம்பியில்லாமல் குரல் வருவதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். கடலே ஏறி வந்தாலும் வராத ஒரு சொல்லைப் பார்த்தபோது, அந்தப் பெட்டி எனக்கு ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது.

நிரந்தரக் கடிதம் இன்னும் ஆறு மாதம் தள்ளிப்போனது. அம்மா பார்த்து வைத்திருந்த பெண்ணும் கை நழுவிப்போனாள். அடுத்து வந்தவள்தான் என் மனைவி. ஒரு நாளைக்கு இருபது தடவை என் பெயரைச் சொல்லி அதட்டுகிற பள்ளி ஆசிரியை.

போன வருடம் மகள் எங்கள் வீட்டு வைஃபை பெட்டியைப் பூட்டி, பாஸ்வேர்டாக என் பெயரை வைத்துவிட்டாள். விருந்தாளிகள் பாஸ்வேர்ட் கேட்டால், என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

"ஐயையோ, நான் எப்படிங்க சொல்லுவேன்? அவரையே கேளுங்க."