மாதத்துக்கு ஒரு நியர் மிஸ்

"கார்டு குடுக்காம யாரும் பஸ் ஏறக் கூடாதுண்ணா," என்று கையை நீட்டி வழியை மறித்தாள் தென்றல்.

ஒரகடத்து பிரேக் தொழிற்சாலையில் அவள் ஷிஃப்ட் சூப்பர்வைசர். பெரிய அடி படாமல் மயிரிழையில் தப்பிய சம்பவத்தை மஞ்சள் அட்டையில் எழுதித் தர வேண்டும். அதற்குப் பெயர் நியர் மிஸ் கார்டு. ஆளுக்கு மாதம் ஒன்று கட்டாயம். ஒன்றுமே நடக்கவில்லை என்றால்? நடந்தே ஆக வேண்டும், மேலிடத்து உத்தரவு அப்படி. மாதக் கடைசியில் பாதிப் பேர், "தரையில் எண்ணெய், வழுக்கப் பார்த்தேன்" என்று எழுதுவார்கள். அத்தனை பேரும் நிஜமாக வழுக்கியிருந்தால் தொழிற்சாலையைச் சறுக்குமரமாக மாற்றிவிடலாம்.

தசரதனிடம்தான் சரக்கு இல்லை. காலையில் பளு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளின் டயர், பிரேக், ஹாரன் எல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. எதையும் இரண்டு தரம் பார்ப்பார். அவர் பார்த்தனுப்பிய வண்டி இதுவரை ஓர் ஆளை இடித்ததில்லை. இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு.

"எனக்கு ஒண்ணும் நடக்கலியேம்மா."

"எப்பவாவது நடந்திருக்கும்ல? எத்தையாவது எழுதுங்க. நான் இன்னா படிக்கவா போறேன்?"

மண்ணூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. 'எப்பவாவது' என்றதும் தசரதனுக்கு ஒன்றே ஒன்றுதான் ஞாபகம் வந்தது. யாரும் படிக்கப் போவதில்லை என்ற தைரியத்தில் அதை எழுதியும்விட்டார்.

"விமானம் இறங்கும்போது ஓடுபாதையை விட்டு விலகி, மூக்கு தரையில் குத்தியது. காரணம், சக்கரத்தில் காற்று இல்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் மனசு முப்பத்தேழு வருடம் பின்னால் போய்விட்டது. பைலட் பயிற்சிப் பள்ளி. இவர் இருபது வயது மெக்கானிக் உதவியாள். இறக்கையில் படிந்த பனியைத் துணியால் துடைத்த விடியற்காலைகள், பெட்ரோல் வாசனை, இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் விமானம் தும்மித் தும்மிக் கிளம்புகிற சத்தம். பயிற்சிக்கு வந்த ஜெபக்குமார் தினமும் இரண்டு பன் வாங்கி வருவான். இறக்கை நிழலில் உட்கார்ந்து ஆளுக்கொன்று தின்பார்கள். அந்த மாதிரி ஒரு சிநேகம் அதற்குப் பிறகு தசரதனுக்கு வாய்க்கவே இல்லை.

ஜெபக்குமார் முதன்முதலாகத் தனியே பறந்த நாளில்தான், டீ ஆறிவிடும் என்ற அவசரத்தில், தசரதன் சக்கரத்தைப் பார்க்காமலே ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். விமானத்துக்கு மூக்கு போயிற்று. ஜெபக்குமாருக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் "பையனுக்கு இறக்கத் தெரியவில்லை" என்று விசாரணையில் எழுதி, அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தசரதன் வாயைத் திறக்கவில்லை. திறக்காத அந்த வாய் இன்றுவரை அவரைத் தூங்கவிட்டதில்லை.

மறுநாள் காலை தென்றல் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"விமானம் எந்த கேட் வழியா உள்ள வந்துச்சுன்னு ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்கண்ணா!"

"இங்க இல்லம்மா. அது அந்தக் காலத்துல."

"அத்தையே எழுதிக் குடுங்க. முடிஞ்சிடும்."

எழுதிக் கொடுத்தார். முடியவில்லை. மேலிடம் உருகிவிட்டது. மாதத்தின் சிறந்த கார்டு அதுதானாம். பாதுகாப்பு தினத்தன்று அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்களாம், மேடையேறி அவரே கதையைச் சொல்ல வேண்டுமாம். ஒருத்தன் பிழைப்பைக் கெடுத்ததற்குப் பொன்னாடையா? தசரதனுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எல்லாம் சும்மா கற்பனைன்னு சொல்லிடும்மா."

சொன்னாள். பொய் கார்டு கொடுத்ததற்கு மெமோ வந்தது. உண்மை என்றால் மூன்று நாளில் சாட்சி வேண்டும், இல்லையென்றால் வேலை காலி.

"நீங்க கவலைப்படாதீங்கண்ணா, நான் பாத்துக்கறேன்," என்றாள் தென்றல். நல்லது செய்வதாக நினைத்து, அட்டையைப் போட்டோ எடுத்து, தொழிற்சாலைக்குச் சாமான் சப்ளை செய்யும் அத்தனை கம்பெனிகளும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். 'இந்த விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும்.'

மூன்றாம் நாள் ஸ்கூட்டரில் ஒரு வழுக்கைத் தலையர் வந்து இறங்கினார். இருங்காட்டுக்கோட்டையில் ரப்பர் வாஷர் செய்கிறாராம். கேட்டிலிருந்து அவர் நடந்து வந்த நடையிலேயே தசரதனுக்கு ஆள் தெரிந்துவிட்டது. எதிரே ஓடினார்.

"ஜெபா! காத்து இருக்குதான்னு பாக்காம கையெழுத்து போட்டது நான்தாண்டா. என்னாலதான் நீ பைலட் ஆகாம போயிட்ட. மன்னிச்சுடுடா," என்று, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். தென்றலும் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள்.

ஜெபக்குமார் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்:

"நானும் முப்பத்தேழு வருசமா உன்னைத்தான்யா தேடிக்கினு கீறேன்! தனியாப் பறக்கப் பயந்துபோய் அந்தச் சக்கரத்துல காத்தை எறக்கினதே நான்தான். நீ பாத்துட்டு ஃப்ளைட்டை நிறுத்துவேன்னு நம்பி ஏறி உக்காந்தா, கண்ணை மூடிக்கினு கையெழுத்து போட்டுட்டியே, பாவி!"