மரியாதை தெரிந்த அலாரம்

என்றும் மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் அக்காவின் ஒரே மகள் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும், உங்கள் லாரிக்குப் புது டயர் வந்திருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். நீங்கள் போனில் 'ஹலோ' என்று அதட்டினாலே எனக்குச் சொல்ல வந்ததில் பாதி தொண்டைக்குள் போய்விடும். மேலும் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே அறை. அந்த அறையில் அம்மா இருக்கிறாள். விஷயமே அம்மாவைப் பற்றியதுதான்.

அம்மா என்னோடு பேசுவதில்லை மாமா. ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் காதில் விழும்படி மற்ற எல்லாவற்றோடும் பேசுகிறாள். "சோறு அடுப்பு மேல இருக்குன்னு சொல்லு" என்று நேற்று கதவிடம் சொன்னாள். காலையில் "குடை எடுத்துட்டுப் போகச் சொல்லு, மழை வரும் போல" என்று வாளியிடம் சொன்னாள். நானும் எவ்வளவு நாள்தான் வாளி வழியாகப் பதில் சொல்வது? உலகத்தில் அவள் தட்டாமல் கேட்பது தம்பியான உங்கள் பேச்சை மட்டும்தான். ஒரு நடை வந்து எங்களைச் சேர்த்துவைக்க வேண்டும். முடிந்தால் எனக்குச் சத்தமே இல்லாத இடத்தில் வேறு வேலையும் பார்த்துத் தர வேண்டும். குற்றம் யார் மேல் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளும்படி நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்ன நான், அம்மா அட்டைப்பெட்டி ஒட்டுகிற அதே தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவு உதவியாளராகச் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். பாதுகாப்பு என்றால் தடியோடு வாசலில் நிற்பது இல்லை மாமா. எங்கள் கட்டடத்துக்குப் புதிதாகத் தீ எச்சரிக்கை அமைப்பு போட்டார்கள். கூரை முழுக்கக் கவிழ்த்த கிண்ணம் போல வெள்ளை சென்சார்கள். எங்காவது புகை வந்தால், சூடு ஏறினால், எந்தத் தளம், எந்த மூலை என்று பேனல் என்கிற பெட்டியின் திரையில் எழுத்தில் வந்துவிடும். அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதுதான் என் வேலை. பெட்டியும் பேசாது, நானும் பேச மாட்டேன். இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் எனக்குக் கிடைக்காது என்று முதல் வாரம் நினைத்தேன். ஆனால் பெட்டிக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. உண்மையை மட்டும்தான் சொல்லும். யாரும் புகை பிடிக்கக் கூடாது என்று ஒவ்வொரு தூணிலும் எழுதி ஒட்டியவர் முதலாளி. 'மூன்றாம் தளம், முதலாளி அறை, புகை' என்று ஒவ்வொரு தளத்திலும் மாட்டியிருந்த துணைத் திரையிலும் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதிக் காட்டியது பெட்டி. மானேஜர் ஓடிவந்து, "மெஷினுக்கு யாரு எவருன்னு ஒரு இங்கிதம் வேணாமா?" என்று என்னைக் கேட்டார். அலாரம் கம்பெனி இன்ஜினியரை வரவழைத்து, அந்த சென்சாருக்கு 'மாடித் தோட்டம்' என்று பெயர் மாற்றச் சொன்னார். எங்கள் கட்டடத்தில் தோட்டமே கிடையாது. இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டம் புகைகிறது. எல்லோரும் மரியாதையாக வேறு பக்கம் பார்க்கிறோம்.

அடுத்து வந்தது குரல். இந்தக் காலத்து அலாரம் வெறுமனே அலறுவதில்லை மாமா, என்ன செய்ய வேண்டும் என்று வாய் திறந்து சொல்லும். எங்களுக்கு வந்த பெட்டியில் ஒரு வெளிநாட்டு ஆண் குரல் இருந்தது. சோதனைக்குப் போட்டபோது, "யாரோ செய்தி வாசிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வேலையைப் பார்த்தார்கள். சரி, நம் மொழியில் பதிவு செய்வோம் என்று கூட்டம் போட்டார்கள். 'தீ. எழுந்து வெளியே போங்கள்' என்று நான் ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டினேன். மானேஜர் அதைப் படித்துவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை நான் துரத்திவிட்டது போல என்னைப் பார்த்தார். "நாம யாரையாவது 'போ'ன்னு சொல்லுவோமா? 'போயிட்டு வாங்க'ன்னுதானே சொல்லுவோம்?" என்றார். பணியாளர் பிரிவு மேடம், "வெளியே போங்கன்னு மைக்ல சொன்னா ஆள் குறைக்கறோம்னு நெனச்சு நாளைக்கே கொடி பிடிப்பாங்க சார்" என்றார். நெருப்பு, தீ என்ற சொற்களைக் கட்டடத்துக்குள் ஒலிக்க விடக் கூடாது, வியாபாரத்துக்கு ஆகாது என்று முதலாளி மாடித் தோட்டத்திலிருந்து சொல்லி அனுப்பினார். கணக்குப் பிரிவுக்காரர், "கம்ப்யூட்டரை ஒழுங்கா அணைச்சுட்டுப் போகச் சொல்லுங்க, போன மாசம் ரெண்டு கெட்டுப்போச்சு" என்றார். கூடி இழுத்த தேர் கடைசியில் இப்படி நிலைக்கு வந்தது:

'அன்பான பணியாளர் குடும்பத்தினருக்கு வணக்கம். தரமே நம் மூச்சு. தங்கள் மேலான கவனத்துக்கு ஒரு சிறு தகவல். நமது கட்டடத்தின் ஒரு பகுதியில் வெப்பம் சற்று மிகுதியாக இருப்பதாக அறிகிறோம். பதற்றம் வேண்டாம். கையில் உள்ள வேலையை முடித்து, கணினியை முறையாக அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, விரல்ரேகை இயந்திரத்தில் பதிவு செய்துவிட்டு, அருகிலுள்ள வழியாகச் சற்று வெளியே சென்று வருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

கல்யாணப் பத்திரிகையில் மொய் வேண்டாம் என்று போட்டால்கூட இதைவிடச் சுருக்கமாக இருக்கும். இதை யார் படிப்பது என்ற கேள்வி வந்தது. "நான் மாட்டேன்" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதைச் சொல்லவும் கூச்சமாக இருந்ததால் நானே படிக்கும்படி ஆனது. இன்ஜினியர் பதிவு செய்துவிட்டு, "கொஞ்சம் சத்தமா, அவசரம் தெரியற மாதிரி" என்றார். "வேண்டாம் வேண்டாம், இப்படியே இருக்கட்டும், தாலாட்டு மாதிரி இருக்கு" என்று மானேஜர் சொல்லிவிட்டார்.

முதல் ஒத்திகையில் என் குரல் கேட்டு எல்லோரும் அறிவிப்பு முடியும்வரை இருந்து, வரிசையில் நின்று விரல் வைத்து, வெளியே போனார்கள். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். "சென்று வருமாறுதானே சொன்னீங்க? சென்றோம், வந்துட்டோம்" என்றார் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிற அண்ணன். அதற்குப் பிறகு பாய்லர் ஆவிக்கு ஒரு தடவை, பல்லி ஒன்று சென்சாருக்குள் குடிபோனதற்கு ஒரு தடவை என்று என் குரல் அடிக்கடி கேட்டது. பஸ்ஸில் "ஒரு டிக்கெட்" என்று கேட்டால், "தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி" என்று பின்னாலிருந்து எங்கள் ஆட்கள் முடித்துவைத்தார்கள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அம்மாதான் பெரிய சிக்கல்.

அம்மாவுக்கு அந்த அறிவிப்பு என்றால் உயிர் மாமா. நான் வீட்டில் ஒரு வருஷத்தில் பேசுவதைவிட அதில் அதிகம் பேசுகிறேன் என்பது காரணமாக இருக்கலாம். என் குரல் வந்ததும் பசைத் தூரிகையை ஓரமாக வைத்துவிட்டு, கைகளை மடியில் கட்டிக்கொள்வாள். பக்கத்தில் யாராவது எழுந்தால், "உஷ், உக்காரு. எம்பொண்ணு பேசுது. பேசி முடிக்கறதுக்குள்ள எந்திரிச்சுப் போறது என்ன பழக்கம்?" என்று அதட்டுவாள். ஒட்டும் பிரிவில் அம்மாவை எதிர்த்து யார் எழுந்திருப்பார்கள்? நன்றி என்று நான் முடித்ததும் அந்த வரிசை முழுக்க, "பரவால்லம்மா" என்று பதில் வரும். பிறகுதான் எழுவார்கள். "அம்மா, ஒருநாள் நிஜமாவே தீப் பிடிச்சா?" என்று நான் ஒரு ராத்திரி சாப்பாட்டின்போது மெதுவாகக் கேட்டேன். "பிடிச்சா நீதான் சொல்லுவியே" என்றாள்.

பிடித்தது மாமா. கழிவுத்தாள் கட்டுகிற இயந்திரத்தின் மோட்டார் சூடேறி, தாள் பொதியில் பற்றிக்கொண்டது. பேனல் தன் கடமையைச் செய்தது. 'கீழ்த்தளம், கழிவுத்தாள் கிடங்கு, புகை' என்று எழுதியது. கழிவுத்தாள் கிடங்கு என்பது ஒட்டும் பிரிவின் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம். அம்மா உட்காருவது அந்தச் சுவரை ஒட்டிய கடைசி வரிசை. என் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் கூடம் முழுவதும் தெரியும். 'அன்பான பணியாளர் குடும்பத்தினருக்கு வணக்கம்' என்று என் குரல் ஆரம்பித்தது. எல்லோரும் வழக்கம்போல வேலையை நிறுத்திவிட்டுக் கேட்க உட்கார்ந்தார்கள். சுவருக்கு மேலே இருக்கிற இடைவெளியில் கறுப்பாகப் புகை எட்டிப்பார்த்தது. 'தரமே நம் மூச்சு' என்றேன் நான், ஒலிபெருக்கியில். புகை இறங்கிக் கடைசி வரிசைக்கு மேல் தொங்கியது. ஒரு பெண் இருமிக்கொண்டே எழுந்தாள். அம்மா உதட்டில் விரலை வைத்து, அவள் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவளுக்குப் பின்னால் புகை. அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

பேனலில் ஒரு மைக் தொங்கும். பதிவை நிறுத்திவிட்டு நேரடியாகப் பேசுவதற்கு. அதை நான் தூசி தட்டும்போது மட்டும்தான் தொட்டிருக்கிறேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை மாமா. "அம்மா! எந்திரி! வெளிய போ! நெருப்பு! கேட்டது போதும், வெளிய போன்னு சொல்றேன்ல, போயேன்!" என்று கட்டடம் அதிரக் கத்தினேன். நாற்காலிகள் சரிந்தன, நானூறு பேரும் வெளியே ஓடினார்கள். ஒருத்தரும் விரல் வைக்கவில்லை. முதலாளி ஒற்றைச் செருப்போடு எல்லோருக்கும் முன்னால் ஓடினார். கூரையிலிருந்து தானாகத் தண்ணீர் பொழிந்து தீ அணைந்தது. எரிந்தது இரண்டு பொதியும் ஒரு துடைப்பமும்தான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அம்மாவும் போனாள். ஆனால் எழுந்து, மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு, என் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வையின் சூட்டுக்குக் கூரையிலிருந்த அத்தனை சென்சாரும் கத்தியிருக்க வேண்டும்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நானூறு பேர் முன்னாடி பெத்தவள வெளிய போன்னு சொல்லிட்டா. அந்த வார்த்தைய நான் பொறந்த வீட்லயும் கேட்டதில்ல, வாக்கப்பட்ட வீட்லயும் கேட்டதில்ல. பசையில கை வெந்து படிக்க வெச்சேன், நல்லாச் சொல்லிட்டா." அக்கா, "நெருப்புல இருந்து காப்பாத்தத்தானே சொன்னா?" என்றார். "காப்பாத்தட்டும். அதுக்கு ஒரு முறை இல்லையா?" என்றாள் அம்மா. மானேஜரும் மறுநாள் அதையேதான் சொன்னார். "உயிரைக் காப்பாத்தினது சரிம்மா. அந்தத் தொனிதான்…" என்று இழுத்தார். அன்றிலிருந்து அம்மா கதவோடு பேசுகிறாள். நான் மன்னிப்புக் கேட்கலாம்தான். ஆனால் எதற்கு என்று கேட்பது மாமா? நீ உயிரோடு இருப்பதற்கு மன்னித்துக்கொள் என்றா?

தயவுசெய்து இந்த வாரமே கிளம்பி வாருங்கள். அத்தைக்கு என் வணக்கம். வீட்டில் சின்னவர்களுக்கு என் அன்பு. எல்லோரும் நீண்ட ஆயுளோடும், பக்கத்திலேயே திறக்கிற ஒரு கதவோடும் வாழ விரும்பும்,

உங்கள் அக்கா மகள்.

பின்குறிப்பு: மாமா, நீங்கள் வர வேண்டாம். வேறு வேலையும் பார்க்க வேண்டாம். உறையை ஒட்டிவிட்டுத் தபால்தலை வாங்க மறந்து பையிலேயே வைத்திருந்ததால், பிரித்து இதை எழுதுகிறேன். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து சோதிக்க வந்தவர் பழைய அறிவிப்பை முழுசாகக் கேட்டார். பாதியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று வாக்கியத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கேட்டவன் எழுந்து ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடி என்னையே மைக் முன்னால் நிறுத்தினார்கள். "அன்னைக்குக் கத்தினீங்களே, அதே மாதிரி கத்துங்க" என்றார் இன்ஜினியர். புகை இல்லாமல் எனக்குக் கத்த வரவில்லை மாமா. எத்தனை முறை முயன்றும், கடையில் சில்லறை கேட்பது போலத்தான் வந்தது. கடைசியில் மானேஜர், "இவங்கம்மாவக் கூப்பிடுங்க" என்றார். அம்மா பசைக் கையோடு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. "சும்மா காத்தப் பார்த்துக் கத்த எனக்கென்ன பைத்தியமா? யாராவது எந்திரிக்காம உக்காந்திருந்தாச் சொல்லுங்க, கத்தறேன்" என்று இன்ஜினியரிடம் சொன்னாள். அவர் ஒரு நாற்காலியைப் போட்டு என்னை அதில் உட்காரவைத்தார். அம்மா திரும்பி, நேராக என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வந்தது: "நெருப்புப் பிடிச்சிருக்கு, இன்னும் என்னடி உக்காந்திருக்க? எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு எந்திரி! வெளிய போ!" இத்தனை நாளுக்குப் பிறகு அம்மா என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான் மாமா. இனி அந்தக் கட்டடம் இருக்கிறவரை முதலாளிக்கும் இதுதான் அறிவிப்பு. "பிரமாதம்மா. எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துக்கலாமா?" என்று இன்ஜினியர் கேட்டார். "எதுக்கு? அவதான் எந்திரிச்சுப் போயிட்டாளே" என்று அம்மா சொன்னது, அறைக்கு வெளியே நின்றிருந்த எனக்கும், எனக்கு முன்பே வந்து நின்றிருந்த மானேஜருக்கும் தெளிவாகக் கேட்டது.