போர்மேன் வீட்டுக் காய்கறி

மாடிக்கு ஏறிய பேச்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். நேற்றுச் சந்தையில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய வெண்டைக்காயும் அவரைக்காயும் நாளெல்லாம் வெயிலில் கிடந்து சுக்காகிப் போயிருந்தன.

"யாரு பாத்த வேலை இது?"

"நாந்தேன்," என்றார் அவள் புருஷன் சோணைமுத்து, பெருமையாக. விஸ்வநத்தத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் போர்மேன். விருந்துக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று லீவு போட்டிருந்தார். "ஈரம் இருந்தா எதுவும் கெட்டுப்போகும் புள்ள. காலமெல்லாம் வெடியக் காய வைக்கிறவனுக்குத் தெரியாதா?"

"வெடியும் வெண்டைக்காயும் ஒண்ணா? ஞாயித்துக்கெழம எங்க அண்ணனும் மதினியும் வாராக! நம்ம மகன் பாண்டிராஜுக்குப் பொண்ணு குடுக்கிறதப் பேசப் போறாக!"

"அதான் கறி எடுத்துருவோம்னு அப்பவே சொன்னேன்."

"வாயத் தொறக்காதீக! போன தடவை கறி ஆக்கிப்போட்டதுக்கு, 'என் நாத்தனாளுக்குக் கறிய விட்டா ஒண்ணும் தெரியாது'ன்னு மதினி ஊரெல்லாம் சொல்லிட்டாக. இந்தத் தடவை எலை நெறைய காய்தான்."

போனது போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். கீரையையும் மல்லித்தழையையும் ஈரத்துணியில் சுற்றி நிழலில் வைக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போனாள். மத்தியானம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஓடிவந்தால், வீட்டுக்குள் நுழையும்போதே ஒரே நாற்றம்.

"ஈரத்துணி என்னத்துக்குன்னு பாலித்தீன் பையில போட்டு டேப் அடிச்சு வெயில்ல வச்சேன். எங்க பேக்கிங்ல காத்துக்கூடப் போகாதுல்ல," என்றார் சோணைமுத்து. பை உப்பி வெடித்து, கீரை கூழாகியிருந்தது.

"அட பாவி மனுசா! கத்தரிக்காயும் தக்காளியும் எங்க?"

"சுப்புலட்சுமி டீச்சர் வீட்டு பிரிட்ஜ்ல பத்திரமா இருக்கு."

அப்பாடா என்று பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். டீச்சர் சங்கடத்துடன் ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினார். கல்லாய் உறைந்த தக்காளியை எடுத்துத் தரையில் போட்டால் டங்கென்றது.

"கீழ்த்தட்டுல வைங்கன்னு நான் சொன்னேன் பேச்சியம்மா. உங்க வீட்டு அண்ணன்தான் கேக்கல."

ஒரு பூசணிக்காயாவது மிஞ்சியதே, சாம்பார், கூட்டு, பச்சடி எல்லாம் அதிலேயே ஒப்பேற்றிவிடலாம் என்று வீட்டுக்குத் திரும்பினாள். வாசலில் பூசணிக்காய் சுக்குநூறாகக் கிடந்தது. நடுவில் குங்குமம் வேறு.

"ஒவ்வொண்ணாக் கெட்டுப்போகுதுன்னா கண்ணு பட்டிருக்குன்னு அர்த்தம். அதான் திருஷ்டி சுத்தி ஒடச்சேன்," என்றார் சோணைமுத்து.

பேச்சியம்மாள் முறத்தை எடுத்துவந்து துண்டுகளை அள்ளிக் கொட்டினாள்.

வாரச்சந்தை முடிந்துவிட்டது; ஊரில் வேறு காய்க்கடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறும் அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் வருகிற பஸ் இந்நேரம் விருதுநகரைத் தாண்டியிருக்கும். மதினியின் முகத்தில் எப்படி முழிப்பது? வந்த சம்பந்தமும் இந்த மனுசனால் போய்விடும் போலிருந்தது.

"அழாத புள்ள. விதி. நம்ம கையில என்ன இருக்கு?" என்றார் சோணைமுத்து, துண்டால் அவள் கண்ணைத் துடைத்தபடி. அந்த அன்பில் அவள் கோபம் கொஞ்சம் தணிந்தது. என்ன இருந்தாலும் தெரியாமல் செய்த மனுசன்தானே.

அப்போது வாசலில் ஒரு மொபெட் வந்து நின்றது. சத்தம் கேட்டதும் சோணைமுத்து அவசரமாகக் கொல்லைப்பக்கம் நடந்தார்.

கறிக்கடை பாண்டிமுருகன் கனத்த பை ஒன்றை அவள் முன்னால் வைத்தான்.

"அண்ணாச்சி போன வாரமே சொல்லிவச்ச கறி, அக்கா. 'காய்கறிய நான் பாத்துக்கிடுறேன், நீ கறிய மட்டும் மறந்துராத'ன்னாக!"