அட்டைப்பெட்டிக்குள் ஒரு மிஸ்

"மிஸ், விளம்பரம் எப்போ வரும்?"

வாத்துக்குஞ்சு ஒன்று குளத்தங்கரையில் அம்மாவைத் தொலைத்துவிட்டு நிற்கிற கட்டம். மிஸ் குரலைத் தணித்து, கண்ணை அகல விரித்து, இரண்டு கையையும் இறக்கையாக்கி உயிரைக் கொடுத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் முன்வரிசைக் குண்டுப் பையன் எழுந்து நின்று இதைக் கேட்டான்.

"என்ன விளம்பரம்டா?"

"விளம்பரம் வந்தாத்தானே ஒண்ணுக்குப் போகமுடியும்?"

"இப்பவே போய்ட்டு வாயேன்."

"கதை ஓடிருமே!"

"ஓடாது கண்ணு. நீ வர்ற வரைக்கும் மிஸ் நிறுத்தி வைக்கிறேன்."

பையன் நம்பவில்லை. அவன் வீட்டில் எதுவும் அவனுக்காக நின்றதில்லை போலிருக்கிறது. கதையையும் விட மனமில்லாமல், மற்றதையும் அடக்க முடியாமல், நின்ற இடத்திலேயே போய்விட்டான்.

ஆயா வாளியும் துணியுமாக வந்தாள்.

"இதுங்களைப் பெத்தது தாயி, வளக்கிறது டிவி. நீங்க பாவம், நடுவுல வந்த சித்தி. உங்க பேச்சை எதுக்குக் கேக்கும்?"

"குழந்தைங்க காதுபட என்ன பேச்சு ஆயா?"

"காதுல விழுந்தாத்தானே!"

அந்தப் பாலர் வகுப்பில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. பிள்ளைகளுக்கு, ஆயாவுக்கு, பெற்றோருக்கு, ஏன், நிர்வாகி அம்மாளுக்கும் அவள் மிஸ்தான். நிர்வாகி அம்மாள் தன் அறையை விட்டு அதிகம் எழுந்து வருவதில்லை. வகுப்பில் ஒரு கேமரா மாட்டி, அங்கே மேஜைமேல் ஒரு திரையில் பார்த்துக்கொண்டிருப்பாள். படம் மட்டும்தான் தெரியும், சத்தம் வராது.

மிஸ்ஸின் கவலை குண்டுப் பையன் அல்ல. அவன் பேசவாவது செய்கிறான். செருப்பு அலமாரி ஓரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறதே, சிட்டு, அதுதான் கவலை. பேர்தான் சிட்டு. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கீச் கிடையாது. கூப்பிட்டால் திரும்பாது. கிள்ளினால்கூட அழாது என்று பக்கத்துப் பெண் கிள்ளிப் பார்த்துச் சொல்லியிருந்தது.

காதில் கோளாறோ என்று டாக்டரிடம் காட்டியாயிற்று. காது கணீரென்று கேட்கிறது.

"வீட்டுல பேசுறாளாம்மா?" என்று மிஸ் அதன் அம்மாவைக் கேட்டாள். பிஸ்கட் கம்பெனியில் பெட்டி ஒட்டுகிறவள். வாசலிலேயே ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"டிவிகிட்ட பேசுவா மிஸ். அது வணக்கம்னா இவளும் வணக்கம்பா. நான் கூப்பிட்டாத்தான் திரும்பமாட்டா."

"டிவியைக் கொஞ்சம் குறைக்கக் கூடாதா?"

"குறைக்கலாம். அந்நேரம் அவளை யாரு பாத்துக்கிறது? நான் ஷிப்ட்டு முடிஞ்சு வர்ற வரைக்கும் அதுதான் பாத்துக்குது. சம்பளம் கேக்காது, லீவு போடாது. உங்களுக்குத் தெரிஞ்சு அப்படி வேற ஆளு இருந்தா சொல்லுங்க."

மிஸ்ஸுக்குத் தெரிந்து இல்லை.

நிர்வாகி அம்மாளும் சொல்லிவிட்டாள். "ஆண்டுக் கடைசிக்குள்ள அந்தப் பொண்ணு வாயைத் தொறக்கணும் மிஸ். இல்லேன்னா மேல் வகுப்புல சேத்துக்கமுடியாது. வேற இடம் பாத்துக்கச் சொல்லிடுங்க."

"வேற இடம்னா பஸ்ஸு மாறிப் போகணும் மேடம். அவங்கம்மா வேலையை விடணும்."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? பெருசா ஒண்ணும் கேக்கலையே. தானா ஒரு வார்த்தை பேசட்டும், போதும்."

ஒரு வார்த்தை. அதற்காக மிஸ் எதையும் செய்யத் தயாராக இருந்தாள். அதுதான் வினையாகிவிட்டது.

முதலில் விளம்பரம் வைத்தாள். கதைக்கு நடுவில் கையைத் தட்டி, "சிறிய இடைவேளை!" என்றாள். வகுப்பு மொத்தமும் ஒரே பாய்ச்சலில் கழிவறைக்கு ஓடியது. கதவில் நெரிசல். ஒருத்திக்கு உதடு கிழிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும், "முன்கதை சொல்லுங்க மிஸ்" என்றன.

நெரிசலைத் தவிர்க்க, பாதிப் பேர் போகும்போது மீதிப் பேருக்கு ஆயா விளம்பரம் செய்வது என்று ஏற்பாடாயிற்று. ஆயா வாளியைக் கவிழ்த்துத் தாளம் போட்டு, "தேய்ச்சா பளபள, தேய்க்காட்டி கலகல!" என்று இடுப்பை ஆட்டினாள். அதற்கப்புறம் யாருக்கும் வாத்துக்குஞ்சு வேண்டியிருக்கவில்லை.

"கதை வேணாம் மிஸ். விளம்பரம் போடுங்க!"

"என்ன ஆயா இது?"

"என்னைக் குத்தம் சொல்லாதீங்க. எனக்கு முகராசி."

அந்த வாரம் நிர்வாகி அம்மாள் அறைக்குப் புது ஃபிரிட்ஜ் வந்தது. வந்த அட்டைப்பெட்டி தாழ்வாரத்தில் கிடந்தது. மிஸ் அதைப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். நடுவில் சதுரமாக ஜன்னல் வெட்டி, கீழே குமிழுக்கு இரண்டு வட்டம் வரைந்து, மேஜைமேல் நிறுத்தி, பின்னால் போய்க் குனிந்து முகத்தைக் காட்டினாள்.

"வணக்கம் குட்டீஸ்!"

வகுப்பு அடங்கியது. குண்டுப் பையன் மூக்கு நோண்டுகிறதை நிறுத்தினான். செருப்பு அலமாரி ஓரத்திலிருந்து சிட்டு, உட்கார்ந்த வாக்கிலேயே, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து முன்வரிசைக்கு வந்து சேர்ந்தது.

"மந்திரம் போட்டாப்புல இருக்கு!" என்றாள் ஆயா.

நிர்வாகி அம்மாள் அன்றைக்கு அறையை விட்டே எழுந்து வந்துவிட்டாள். "திரையில பாத்தேன் மிஸ். ஒரு புள்ள அசையல. திரை கெட்டுப்போச்சோன்னு தட்டிப் பாத்தேன்னா பாத்துக்குங்களேன்!"

மிஸ்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அது மறுநாள் காலைவரைதான் தாங்கியது.

"ரெண்டு ஆப்பிள் இருக்கு. இன்னும் ஒண்ணு வந்துச்சு. மொத்தம் எத்தனை?"

அத்தனை கண்ணும் பெட்டிக்குள் இருந்த அவள்மேல். ஒரு வாயும் அசையவில்லை.

"ஏண்டா, உனக்குத் தெரியும்ல? ஏன் சொல்லல?"

குண்டுப் பையன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். "நீங்களே சொல்லுவீங்கள்ல? கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, 'சரியா சொன்னீங்க, கெட்டிக்காரங்க'ம்பீங்கள்ல?"

மிஸ் ஆப்பிளை விட்டுவிட்டாள்.

"சரி, நேத்து என்ன பாத்தோம்?"

"டிவி!"

"டிவில என்ன வந்துச்சு?"

"நீங்க!"

"நான் என்ன சொன்னேன்?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. இதென்ன கேள்வி? டிவியில் வருகிறவர்கள் என்ன சொன்னார்கள் என்று வீட்டில் யார் கேட்டார்கள்?

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது என்று மிஸ்ஸுக்குப் புரிந்தது. பெட்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"மிஸ் டிவிலேருந்து விழுந்துட்டாங்க!" என்று ஒருத்தி அலறினாள். இன்னொருத்தி அழுதாள். மற்றதெல்லாம் பாயைச் சுருட்டி ஒன்றையொன்று அடிக்க ஆரம்பித்தன. சிட்டு மட்டும் சத்தமில்லாமல் தேய்த்துக்கொண்டே செருப்பு அலமாரிக்குத் திரும்பிப் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

"உள்ள போயிருங்க மிஸ்" என்றாள் ஆயா. "புலி வாலைப் பிடிச்சாச்சு. இனிமே விடமுடியாது."

மிஸ் உள்ளே போனாள்.

அதிலிருந்து பள்ளி விடும் வரைக்கும் பெட்டிக்குள்தான். தண்ணீர் குடிக்கவேண்டுமானால் ஆயா விளம்பரம் போடவேண்டும். கழுத்து பிடித்துக்கொண்டது. குனிந்து குனிந்து முதுகு வளைந்தது. பெட்டிக்குள் கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. போதாக்குறைக்கு, குண்டுப் பையன் வீட்டிலிருந்து பழைய ரிமோட் ஒன்றைக் கொண்டுவந்து, கணக்குப் பாடம் வரும்போதெல்லாம் அவள் முகத்துக்கு நேரே நீட்டி அமுக்கினான்.

"இதை மாத்து, மாத்து!"

"மாறாதுடா!"

"அப்ப சத்தத்தையாவது குறைங்க."

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். காரணம், சிட்டுவின் உதடு. "வணக்கம் குட்டீஸ்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் முன்வரிசையில் அந்தச் சின்ன உதடு அசைந்தது.

"நானும் பாத்தேன்" என்றாள் ஆயா. "சத்தம்தான் வரல. அடுப்புல ஏத்தியாச்சு மிஸ், கொதிக்கிற நேரம்தான் பாக்கி."

கொதிப்பதற்குள் மிஸ்ஸின் தொண்டை போய்விட்டது.

டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் வாயைத் தொறக்கக் கூடாது. நாளையிலேருந்து வேலைக்கும் போகக் கூடாது" என்றார்.

"ஒரே ஒரு நாள் டாக்டர்" என்றாள் காற்றாய்.

"அந்த ஒரு நாளோட குரல் போயிட்டா?"

நிர்வாகி அம்மாளுக்கு உடனே யோசனை வந்தது. அவள் மைத்துனர் விசேஷங்களுக்கு வீடியோ எடுக்கிறவர்.

"நாளைக்கு ஒரு நாள் சமாளிச்சுப் பாடம் நடத்திடுங்க மிஸ். அப்படியே படம் பிடிச்சுக்கிடுவோம். நீங்க வராத நாள்ல போட்டுக் காட்டலாம். அந்தப் பொண்ணு இப்பத்தான் உதட்டை அசைக்குது. நடுவுல விட்டுப்போகலாமா?"

சிட்டு என்றதும் மிஸ் தலையை ஆட்டிவிட்டாள். மறுநாள் மிச்சமிருந்த குரலையெல்லாம் பிழிந்து, வணக்கத்திலிருந்து வாத்துக்குஞ்சு வரை ஒன்று விடாமல் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஊமையாய்க் கிடந்தாள். வெந்நீர் வேண்டும் என்று கணவரிடம் சைகை காட்டினால் அவர், "இரு, விளம்பரம் வரட்டும்" என்றார்.

குரல் திரும்பிய காலையில் பள்ளிக்கு ஓடினாள். வகுப்பு தொடங்கியிருந்தது. அட்டைப்பெட்டி கதவுக்குப் பின்னால் மடங்கிக் கிடந்தது. அது இருந்த இடத்தில், சுவரில், கருப்பாய்ப் பளபளவென்று பெரிய டிவி. அதற்குள் அவள், குனியாமல், கழுத்து வலிக்காமல், தண்ணீர் கேட்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பிரமாதம் மிஸ்!" என்றாள் வாசலில் நின்ற நிர்வாகி அம்மாள். "சத்தமே இல்ல. பக்கத்து வகுப்புக்கும் இதையே போட்டுடலாம்னு இருக்கோம்."

"அப்ப நான் எந்த வகுப்புக்குப் போகட்டும் மேடம்?"

"அதைத்தான் யோசிச்சுட்டிருக்கேன். அவசரமில்ல. உடம்பை நல்லாப் பாத்துக்குங்க."

மிஸ்ஸுக்குப் புரிந்தது. ஆனால் முன்வரிசையில் சிட்டு இருந்தது. வேலை போனால் போகட்டும், அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிட்டுப் போவோம் என்று பிள்ளைகளுக்கு நடுவே நடந்து, சிட்டுவுக்கு நேர் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். அந்தச் சின்னக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"சிட்டு, வந்துட்டேன்டா தங்கம். எங்கிட்ட பேச மாட்டியா? ஒரே ஒரு வார்த்தை?"

சிட்டு அவள் முகத்தைப் பார்த்தது. உதடு அசைந்தது. ஆயா வாளியைக் கீழே வைத்தாள். நிர்வாகி அம்மாள் உள்ளே ஓரடி எடுத்து வைத்தாள்.

சிட்டு கையை உருவிக்கொண்டது. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்தது. அந்த ஆண்டில் முதல் முறையாக, மணி அடித்தாற்போல் கணீரென்று அதன் குரல் வந்தது.

"ஆன்ட்டி, தள்ளுங்க. எங்க மிஸ்ஸ மறைக்கிறீங்க."