கோவிந்தனுக்கு மூன்று நாள் பட்டினி

துண்டை விலக்கிப் பார்த்த தாணுமாலையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடித் தொட்டிக்குள் தங்கமீன் மல்லாந்து கிடந்தது. வெள்ளை வயிறு தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தது.

"ஏ சித்ரா! இங்கன ஓடியா! கோவிந்தன் போயிட்டான்!"

சித்ரலேகா தோசைக்கரண்டியோடு வந்தாள். "எந்தக் கோவிந்தன்?"

"மேனேஜரம்மா வீட்டு மீனு!"

அவள் குனிந்து பார்த்தாள். மீன் வாயைத் திறந்து மூடியது.

"உசுரு இருக்கு. உங்களைத்தான் முறைக்குது. ஆட்டோவுல குலுக்கிட்டியளோ?"

"மடியில வச்சுல்லா கொண்டாந்தேன்! அவங்க டிரைவர் கொம்பையா துண்டு போட்டு மூடிக் குடுத்தான். பயணத்துல பயந்துரும், வீட்டுக்குப் போயித் தொறங்கன்னான்."

"போங்க! மணிமுத்தாத்துக்கு மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

அதுதான் தாணுமாலையனின் பயமும். வங்கியின் மணிமுத்தாறு கிளைக்கு அவரை மாற்றும் உத்தரவு, மேலாளர் பிரம்மநாயகி அம்மாவின் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. சித்ரலேகாவுக்கு டவுணில் பள்ளிக்கூட வேலை. மாற்றல் வந்தால் குடும்பம் இரண்டாகும். "ஊருக்குப் போயிட்டு வந்து பாத்துக்கிடுவோம்" என்று சொன்ன அம்மா, அதே மூச்சில், "மக வளைகாப்புக்குக் கோயம்புத்தூர் போறோம். பத்து நாளைக்குக் கோவிந்தனை வச்சுக்கிடுதியளா?" என்றும் கேட்டிருந்தார்.

சாயங்காலம் அம்மாவே போனில் வந்தார்.

"தாணு, கோவிந்தன் எப்படி இருக்கான்?"

"ந... நல்லா இருக்கான்மா."

"எப்பவும்போலத்தானே?"

"எப்பவும்போலத்தான்மா."

"அவன் பாட்டுக்குக் கெடப்பான். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்."

போனை வைத்ததும் சித்ரலேகா கேட்டாள்: "ஒண்ணும் செய்ய வேண்டாம்னாகளா?"

"அவங்களுக்கு நெலவரம் தெரியாதுல்லா. ஏதாவது செய்யணும்."

முதலில் தண்ணீரைப் பார்த்தார். கஞ்சி மாதிரி கலங்கியிருந்தது. தொட்டியின் நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டு. அடியில் அழுகிய துளசி இலைகள், ஊறிப்போன பொரி. பக்தியுள்ள வீடு என்று நினைத்துக்கொண்டு, இருந்த தண்ணீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை நிரப்பினார்.

குழாயில் அன்றைக்குத்தான் பிளீச்சிங் பவுடர் வாடை தூக்கலாக இருந்தது. மீன் விருட்டென்று துள்ளியது. பிறகு மல்லாந்தபடியே மேல்மூச்சு வாங்கியது.

"ஏற்கெனவே மல்லாந்துதான் கெடந்தது. இப்போ மூச்சும் வாங்குது" என்றாள் சித்ரலேகா. "கொஞ்சம் முன்னேற்றம்தான்."

"கிண்டல் பண்ணாதட்டி. தாமிரபரணித் தண்ணிக்குச் சொகமாகாத நோவு உண்டா?"

குறுக்குத்துறைக்குப் போய் இரண்டு குடம் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். பக்கத்துப் படியில் யாரோ போர்வை துவைத்துக்கொண்டிருந்ததை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொட்டியில் ஊற்றியபோது நுரை வந்தது. கோவிந்தன் நுரைக்குள் மறைந்தான். ஐந்து நிமிடம் கழித்து வயிறு மட்டும் தெரிந்தது, முன்னைவிடப் பெரிதாக.

"வயிறு உப்பியிருக்கே! சித்ரா, நீ ஏதாவது குடுத்தியா?"

சித்ரலேகா சுவரைப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கேன்."

"வீட்டுக்கு வந்த விருந்தாளிய வெறும் வாயோடவா இருக்கச் சொல்லுதிய? ஒரு விள்ளல் அல்வா வச்சேன். நல்லாத் தின்னுச்சு."

தாணுமாலையன் தலையில் கைவைத்தார். தண்ணீரின் மேல் நெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

மறுநாள் மேலப்பாளையத்தில் மீன் கடை வைத்திருக்கும் தாவூது அண்ணாச்சியிடம் போய், போனில் எடுத்த படத்தைக் காட்டினார். நடந்ததையெல்லாம் சொன்னார். அல்வாவுக்கு வந்தபோது அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்வே, மீனை வளக்கீரா, இல்ல கல்யாணப் பந்தியில உக்கார வச்சீரா?"

"காப்பாத்துங்க அண்ணாச்சி."

"எத்தன நாளா இப்படிக் கெடக்கு?"

"நேத்துலேருந்து."

"பொய் சொல்லாதீரும். இது பழைய நோவு. ரொம்ப நாளா அழுக்குத் தண்ணியில கெடந்து, கண்டதையும் தின்ன மீனு."

"எங்க மேனேஜரம்மா வீட்டைப் பத்தி அப்படிப் பேசாதீய!"

"சரி, பேசல. மீனுக்கு வயித்துக்குள்ள ஒரு காத்துப்பை உண்டு. குடல் அடைச்சா அது நெருக்குப்படும், மீனு கவுந்துரும். மூணு நாள் பட்டினி போடும். நாலாம் நாள் பச்சைப் பட்டாணி ஒண்ணை வேகவச்சு, தோலை உரிச்சு, நசுக்கிப் போடும். குழாய்த் தண்ணிய வாளியில ஒரு நாள் வச்சு, மருந்து வாடை போனப்புறம், தெனம் கால்வாசி தொட்டி பையப் பைய மாத்தும். மொத்தமா மாத்தாதீரும், தாங்காது. முக்கியமா, உம்ம வீட்டம்மாவைத் தொட்டிகிட்ட விடாதீரும்."

மூன்று நாள் வீட்டில் சண்டை.

"பச்சப்புள்ள மாதிரி வாயப் பொளக்குது, பாத்துக்கிட்டே இருக்கியளே!"

"அது மூச்சு விடுதுட்டி!"

"பசியில விடுது!"

தினமும் சாயங்காலம் போன். "எப்பவும்போலத்தானே தாணு?" "எப்பவும்போலத்தான்மா." சொல்லும்போதெல்லாம் அவர் காது மடல் சிவந்தது.

நாலாம் நாள் பட்டாணி. ஐந்தாம் நாள் நூல் நூலாகக் கழிவு. சித்ரலேகா அதைப் பார்த்துக் கைதட்டினாள்; பெற்ற பிள்ளைக்குக்கூட அவள் அப்படித் தட்டியதில்லை. ஏழாம் நாள் கோவிந்தன் ஒருக்களித்தான். ஒன்பதாம் நாள் காலையில், பளிங்கு மாதிரி தண்ணீரில், முதுகு மேலே வயிறு கீழேயாக, நிமிர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

தாணுமாலையனுக்குக் கண் கலங்கிவிட்டது. "மணிமுத்தாறு தப்பிச்சுது சித்ரா."

"நாம தப்பிச்சோம்னு சொல்லுங்க."

பத்தாம் நாள் பிரம்மநாயகி அம்மா நேராக அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஒரு கையில் துளசிச் சரம், மறு கையில் பொரிப் பொட்டலம். பின்னால் கொம்பையா. தாணுமாலையன் தொட்டியைத் துண்டால் மூடி வைத்து, மேடைத் திரையை விலக்குவதுபோல் துண்டை இழுத்தார்.

"பாருங்கம்மா!"

கோவிந்தன் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் அம்பு மாதிரி பாய்ந்தான்.

கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போன அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பொரிப் பொட்டலம் கீழே விழுந்தது. அவர் மீனைப் பார்த்தார், தாணுமாலையனைப் பார்த்தார், மறுபடி மீனைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நம்ம கோவிந்தன்மா!"

"தெனம் கேட்டேனே. எப்பவும்போலத்தான்னு சொன்னியளே."

"ஆமாம்மா, இப்ப முன்னைவிட..."

"அந்த மணிமுத்தாறு ஆர்டர் என் மேசை மேலதானே இருக்கு?"

பதிலுக்குக் காத்திராமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அம்மா காரில் போய் ஏறினார். தாணுமாலையன் வாய் திறந்தபடி நின்றார். அந்த நேரத்தில் அவருக்கும் மீனுக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பின்தங்கிய கொம்பையா கிட்டே வந்து காதோடு கேட்டான்:

"நெல்லையப்பர் கோயில்ல சாமி பக்கத்துல சயனிச்சுருக்க கோவிந்தப் பெருமாளே வந்திருக்கார்னு, ரெண்டு வருசமா மல்லாந்தே கெடந்த மீனுக்குத்தான் எங்க தெருவே துளசியும் பொரியும் போட்டுக் கும்புடுது, என்கிட்டயாவது நெசத்தைச் சொல்லுங்க சார், அவரை எங்கன புதைச்சிய?"